கினபாலு பூங்காவில் எங்கே தங்குவது? சிங்கப்பூரிலிருந்து முதன்முறை செல்வோருக்கு

கினபாலு மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை மலிவான விமானச் சீட்டைத் தேடுவதுதான். சாங்கியிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். தள்ளுபடி விலை கண்ணில் பட்டதும் தேதியை உறுதிசெய்துவிட்டு, தங்குமிடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பூங்காவைப் பொறுத்தவரை அது தலைகீழ் வரிசை. யார் யார் வருகிறார்கள் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுப்பது என்பது தெரியவரும். அந்த உயரத்தில் படுக்கை கிடைக்கும் நாளை உறுதிசெய்த பிறகே விமானச் சீட்டைத் தொட வேண்டும். மூன்று முறை போய்வந்த பிறகு எனக்கு வந்த தெளிவு இது. முதல் முறையே இதை யாராவது சொல்லியிருந்தால் என் தாயாரின் முழங்கால்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

தங்குமிடத்தை விலையை வைத்தோ படத்தில் தெரியும் காட்சியை வைத்தோ தேர்ந்தெடுப்பது கடற்கரை ஊர்களுக்குப் பொருந்தலாம். மலையில் குளிர், மூச்சு, சாப்பாடு, சாலை, உறக்கம் எல்லாவற்றையும் உயரமே முடிவுசெய்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையும் உயரத்தை வைத்தே நகரும்.

முதலில் உயரக் கணக்கு

மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள கினபாலு பூங்கா 1964இல் அமைக்கப்பட்டது. 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 754 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பைவிடச் சற்றே அதிகம். எனவே ஒரு விடுதி தன்னை ‘பூங்காவுக்கு அருகில்’ என்று விளம்பரம் செய்தால், பூங்காவின் எந்தப் பக்கம் என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. துவாஸில் இருந்துகொண்டு சாங்கிக்கு அருகில் என்று சொல்வது போன்ற விளம்பரங்களும் உண்டு.

பயணத்தில் நீங்கள் படுக்கக்கூடிய உயரங்கள் நான்கு. கடல்மட்டத்தில் கோத்தா கினபாலு நகரம். அடுத்து, பூங்காவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள போரிங். மூன்றாவதாக, நகரத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்தில் வரும் பூங்காத் தலைமையகமும் அதைத் தாண்டியுள்ள குண்டாசாங் ஊரும். தலைமையகம் ஏறத்தாழ 1,560 மீட்டரில் இருக்கிறது. கடைசியாக, சிகரம் ஏறுபவர்கள் மட்டும் இரவு தங்கும் பனலாபான், 3,272 மீட்டரில். சிகரத்தின் உயரம் 4,095 மீட்டர். நம்முடைய புக்கிட் தீமா குன்று 164 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த எண்களின் கனம் புரியும்.

குளிரைக் கணிப்பதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 0.6 டிகிரி செல்சியஸ் அளவில் குறையும் என்பது பொதுவான கணக்கு. கடற்கரையில் இரவு 24 டிகிரி என்றால் போரிங்கில் ஏறத்தாழ 20, தலைமையகத்தில் 15, பனலாபானில் 4 அல்லது 5. சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 19 டிகிரிதான். குளிரூட்டி அறையில் 18 டிகிரி வைத்துப் போர்வைக்குள் படுத்துப் பழகியவர்கள் “15 டிகிரி என்ன பெரிய குளிர்” என்று நினைக்கலாம், நானும் நினைத்தேன். நம் வீட்டில் கதவைத் திறந்து வெளியே வந்தால் வெப்பம் காத்திருக்கிறது. அங்கே கழிவறைக்குப் போனாலும், தரையில் கால் வைத்தாலும், குழாயைத் திறந்தாலும் அதே குளிர்தான் காத்திருக்கிறது. மழையில் நனைந்த துணி மறுநாள் காலையிலும் நனைந்தே கிடக்கும்.

யார் சிகரம் ஏறப்போகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த விடுதியையும் பதிவுசெய்ய வேண்டாம். குடும்பமாகப் போகும்போது பெரும்பாலும் இரண்டு குழுக்கள் உருவாகும்: சிகரம் ஏறும் இரண்டு மூன்று பேர், கீழே இருந்து மலையைப் பார்த்து, தேநீர் குடித்து, கடைத்தெருவைச் சுற்றிவர விரும்பும் மற்றவர்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே இடம் பொருந்தும் என்ற எண்ணத்திலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

சிகரம் ஏறுபவர்களைப் பொறுத்தவரை தெரிவு உங்கள் கையில் இல்லை. அனுமதிச் சீட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். மலையின் மேற்பகுதியில் கூடாரம் போட அனுமதி கிடையாது. பனலாபானில் உள்ள சில விடுதிகளில் ஒன்றில் உங்களுக்குப் படுக்கை இருந்தால்தான் வழக்கமான இரண்டு நாள் ஏற்றம் சாத்தியம். படுக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் பள்ளி விடுமுறைக் காலங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விமானச் சீட்டு கையில் இருந்தும் படுக்கை கிடைக்காமல் குண்டாசாங்கிலிருந்து மலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பதிவின்போது பெயரும் எண்ணும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். சாபாவுக்கென்று தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூர் வழியாகப் போனாலும் கோத்தா கினபாலுவில் மீண்டும் கடப்பிதழைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதைப் பெட்டியின் அடியில் திணித்துவிடாதீர்கள்.

சிகரத்துக்கு முந்தைய இரவு

புதியவர்கள் ஆக அதிகமாகத் தவறு செய்வது இந்த ஓர் இரவில்தான். பனலாபான் படுக்கை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், அதற்கு முந்தைய இரவைக் கோத்தா கினபாலுவில் கடலோர விடுதியில் கழித்துவிட்டு, அதிகாலையில் வண்டி பிடித்து மலைக்கு வருகிறார்கள். இதில் இரண்டு இழப்புகள் இருக்கின்றன.

முதலாவது உறக்கம். காலையிலேயே தலைமையகத்தில் பதிவை முடித்து, வழிகாட்டியைச் சந்தித்து, 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலுக்குப் போயாக வேண்டும். நகரத்திலிருந்து வருபவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். மறுநாள் சிகரத்துக்காக இரவு இரண்டு மணியளவில் மறுபடி எழ வேண்டும். இரண்டு இரவுகளும் அரைத்தூக்கம் என்றாகிவிடுகிறது.

இரண்டாவது இழப்பு பெரியது. உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டும். 3,272 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கடல்மட்டத்தில் படுத்து எழுந்து, அன்றிரவே 3,272 மீட்டரில் போய்ப் படுப்பது உடலுக்குப் பெரிய தாவல். முந்தைய இரவைத் தலைமையகத்திலோ குண்டாசாங்கிலோ கழித்தால் அந்தத் தாவல் ஏறத்தாழ பாதியாகிறது. ஓர் இரவு போதுமான பயிற்சி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கூடுதல் செலவோ கூடுதல் விடுப்போ இல்லாமல் கிடைக்கும் உதவியை ஏன் விட வேண்டும்? ஆஸ்துமா, இதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பதிவுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. பதிவுசெய்த பிறகு பேசினால், கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு மருத்துவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டோம்.

பனலாபான் இரவு எப்படி இருக்கும்

திம்போஹோனிலிருந்து பனலாபானுக்கு 6 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த 6 கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள். வீவக அடுக்குமாடியில் ஒரு மாடியின் உயரம் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 500 மாடி. நடுத்தர உடல்வலு உள்ளவருக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஈரடுக்குக் கட்டில்கள் கொண்ட பொது அறை. லாபான் ராத்தா ஓய்வில்லத்தில் உணவுக்கூடமும் அறைகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், இரவில் வெளியே நடக்கத் தேவையில்லை. மற்ற விடுதிகளில் படுப்பவர்கள் சாப்பாட்டுக்குக் குளிரில் சில நிமிடம் நடக்க வேண்டியிருக்கலாம். பதிவுசெய்யும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவு கிடைத்தால் கீழ்க்கட்டிலை எடுங்கள். நாள் முழுதும் படியேறிய தொடைகளோடு, இரவு ஒரு மணிக்கு நெற்றி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்குவது எப்படி என்பதை நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன். இன்னொருவர் செய்து பார்க்கத் தேவையில்லை.

இரவுணவு மாலையிலேயே முடிந்துவிடும். ஏழு, எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். வெந்நீர்க் குளியலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வியர்வையில் நனைந்த உள்சட்டையை உடனே மாற்றிக்கொள்வதுதான் அங்கே குளியல். பக்கத்துக் கட்டில்காரர் நெகிழிப் பையைச் சரசரவென்று பிரிக்கும் ஓசை அறை முழுவதும் கேட்கும் என்பதால், இரவு எழும்போது தேவைப்படும் கையுறை, மேலங்கி, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றைத் தலைமாட்டிலேயே அடுக்கி வைத்துவிட்டுப் படுங்கள். இந்த மலையை முன்னோரின் ஆவிகள் தங்கும் இடமாகச் சாபாவின் பூர்வகுடிகளான டூசுன் மக்கள் கருதுகிறார்கள். உங்களோடு வரும் வழிகாட்டியும் பெரும்பாலும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார். இரவில் கூச்சலும் கைப்பேசிப் பாட்டும் அவருக்கு உவப்பானவை அல்ல.

பனலாபானில் தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் சிகரத்தை விட்டுவிட வேண்டும். வழிகாட்டியிடம் மறைக்கக் கூடாது. கீழே இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து.

தலைமையகமா, குண்டாசாங்கா?

சிகரம் ஏறாதவர்களும், ஏறுபவர்களின் முந்தைய இரவும் வந்து நிற்கும் இடம் இதுதான். பெரும்பாலான குடும்பங்கள் அதிகம் யோசிக்க வேண்டியதும் இங்கேதான்.

தலைமையக வளாகத்துக்குள் அறைகளும் தனிக்குடில்களும் பொது அறைகளும் உள்ளன. விலை சற்று அதிகம் என்பது உண்மை. அதற்குக் கிடைப்பது, பதிவு அலுவலகமும் உணவகமும் தாவரத் தோட்டமும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது. சீலாவ் சீலாவ் ஓடையை ஒட்டிய காட்டுப்பாதையில் முதியவர்கள்கூட மெல்ல நடந்துவிட்டு வரலாம். காலை எட்டு மணிக்கு முன் அங்கே கேட்கும் பறவைக் குரல்களுக்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குறை என்னவென்றால், மரங்கள் சூழ்ந்திருப்பதால் எல்லா அறைகளிலிருந்தும் மலை தெரியாது, இரவில் ஈரம் அதிகம், கடைத்தெரு கிடையாது.

அங்கிருந்து ரானாவ் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி வரும் குண்டாசாங்கில் நிலம் திறந்து கிடக்கிறது. மலை முழுமையாக முன்னால் நிற்கும். காய்கறித் தோட்டங்கள், சாலையோரச் சந்தை, மெசிலாவ் பக்கம் பால்பண்ணை என்று குழந்தைகளுக்குப் பொழுது போகும். வீட்டுத் தங்கலிலிருந்து பெரிய விடுதி வரை எல்லா விலையிலும் இடம் உண்டு. காட்சிக்காகக் குண்டாசாங், வசதிக்காகத் தலைமையகம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் குண்டாசாங்கில் ஒவ்வொரு வீடும் ஒரு சரிவில் நிற்கிறது என்பதை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது.

நான் முதன்முறை பதிவுசெய்த வீட்டின் படங்களில் பலகணி இருந்தது, பலகணிக்கு எதிரே மலை இருந்தது. சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன இருந்தது என்பது மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. மாலை ஆறரைக்கு, தூறலும் பனிமூட்டமும் சேர்ந்த இருட்டில் எங்கள் வேன் ஒரு வளைவில் நின்றது. ஓட்டுநர் கீழே எட்டிப்பார்த்துவிட்டு, ஈரத்தில் வண்டி இறங்காது, இறங்கினாலும் ஏறாது என்று கைவிரித்துவிட்டார். அங்கிருந்து சிமெண்டுப் படிகள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதி வழிவரை. கைப்பேசி வெளிச்சத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும், பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு தம்பியும் இறங்கினோம். நாற்பதாவது படியில் அம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, இன்னும் எத்தனை படி இருக்கு?” என்று கேட்டவரிடம் எனக்குப் பதில் இல்லை, அந்த மூட்டத்தில் அடுத்த ஐந்து படிகள்தான் தெரிந்தன. மொத்தம் எண்பத்தேழு. மறுநாள் காலை மலை மிக அழகாகத் தெரிந்தது. அம்மா அதைப் படுக்கையில் இருந்தபடியே பார்த்தார்.

அதன்பிறகு, பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் குறுஞ்செய்தியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன். மழை பெய்தாலும் வேன் வாசல்வரை வருமா, வாசலிலிருந்து படுக்கையறைக்கு எத்தனை படி, கழிவறை வீட்டுக்குள்ளேயா, எத்தனை போர்வை தருவீர்கள், வெந்நீர் எத்தனை பேருக்கு வரும். கடைசிக் கேள்வியை மலாயில் “அடா ஆயர் பானாஸ்?” என்று கேட்கலாம், ஆனால் வெந்நீர் ஊற்றையும் மலாயில் அதே சொல்லால்தான் சொல்வார்கள், ‘குளியலறையில்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் போரிங்குக்கு வழி சொல்லிவிடுவார்கள். கூடவே, சாலையிலிருந்து வீட்டு வாசல் தெரியும்படி ஒரு படத்தையும் கேளுங்கள். பலகணிப் படத்தை அனுப்பத் தயங்காதவர் வாசல் படத்துக்குத் தயங்கினால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

குண்டாசாங் பகுதியில் மண் நகர்வது பழைய சிக்கல். சுவர்களிலும் சாலைகளிலும் விரிசல்களைப் பரவலாகக் காணலாம். 2015 ஜூன் 5ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் சிங்கப்பூரிலிருந்து சென்றவர்கள், பெரும்பாலோர் தொடக்கப்பள்ளி மாணவர்கள் என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலநடுக்கத்தோடு மெசிலாவ் வழியான மலையேற்றப் பாதையும் மூடப்பட்டது; பழைய பயணக் குறிப்புகளில் அதைப் படித்துவிட்டு மெசிலாவில் தங்கினால் மலையேறச் சுலபம் என்று திட்டமிட வேண்டாம். நடுங்கும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் செங்குத்தாக வெட்டிய மண்சுவருக்கு நேர் கீழே உள்ள அறையையும், தூண்களில் அகலமான விரிசல் தெரியும் கட்டடத்தையும் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

கூடாரம் போட விரும்புவோருக்கு

மலை உச்சிக்கு அருகே கூடாரம் கிடையாது என்று முன்பே சொன்னேன். பூங்காவுக்குள் கூடாரத்துக்கு ஏற்ற இடம் போரிங். அங்கே முகாம் திடல் உண்டு. பூங்காவுக்கு வெளியே, குண்டாசாங்கில் சோசோடிகோன் குன்றும், மலையின் மறுபக்கம் கோத்தா பெலுட் வட்டாரத்தின் மெலாங்காப்பில் ஆற்றங்கரையில் உள்ள பொலும்போங் முகாமும் பலருக்குப் பழக்கமானவை. குன்றில் குளிரும் காற்றும். ஆற்றங்கரையில் வெப்பமும் வெள்ள அபாயமும். முதன்முறை கூடாரத்தில் படுக்கும் சிறு குழந்தைகள் இருந்தால் போரிங்கின் 20 டிகிரியே போதும்; குண்டாசாங் குன்றின் இரவு அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஆற்றங்கரை முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள், அதாவது, தலைநீர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் கொட்டிய மழை சற்று நேரம் கழித்துச் சுவர்போல் திரண்டு வரும். தெளிந்த ஆறு திடீரென்று கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அதன் அறிகுறிகள். கண்டவுடன் பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆகவே நீரோரமாகக் கூடாரம் போடாதீர்கள். ஆற்றங்கரைப் புதர்களிலும் வேலியிலும் சருகு சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள்; பழைய வெள்ளம் எட்டிய கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே, குறைந்தது 60 மீட்டர் தள்ளி இடம் பிடியுங்கள். மணல் திட்டு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது ஆற்றின் இடம்.

குன்றில் வேறு கணக்கு. பள்ளமான இடத்தில் இரவுக் குளிர்க்காற்று தேங்கும். முகட்டில் காற்று அடித்துத் துவைக்கும். இரண்டுக்கும் நடுவே, இலேசான சரிவில், தலை மேட்டுப் பக்கமாக இருக்கும்படி படுப்பது நல்லது. தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கழிவறைக்கு மிக அருகே வாடையும் நடமாட்டமும். மிகத் தள்ளிப் போனால் நள்ளிரவில் குழந்தையை அழைத்துக்கொண்டு ஈரப்புல்லில் நடை. குழந்தைகள் இருந்தால் நான் வாடையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கூடாரத்தை மலையில் முதன்முறையாகப் பிரிக்காதீர்கள். பாசிர் ரிஸ், கிழக்குக் கடற்கரைப் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்று ஓர் இரவு படுத்துப் பார்க்கலாம். சாங்கி முனையிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்கும் போகலாம். உபினில் எங்கள் ஒத்திகை இரவின்போது கொசுவுக்குப் பயந்து கூடாரத்தின் எல்லாச் சன்னல்களையும் இழுத்து மூடிவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு மகள் என்னை உலுக்கி மழை பெய்கிறது என்றாள். வெளியே வானம் நட்சத்திரத்தோடு தெளிவாக இருந்தது. எங்கள் நால்வரின் மூச்சுதான் கூரைத்துணியில் படிந்து, முத்துமுத்தாகத் திரண்டு, அவள் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது. மலையின் குளிரில் இது இரட்டிப்பாகும். வலையை மட்டும் மூடிவிட்டு, மேல் காற்றுத் திறப்பைத் திறந்தே வைக்க வேண்டும் என்பதை வீட்டுக்குப் பக்கத்திலேயே கற்றுக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

உறக்கப்பை வாங்கும்போது அதன் சீட்டில் இரண்டு வெப்பநிலைகள் இருக்கும்: வசதியாகத் தூங்கக்கூடியது ஒன்று, தாங்கக்கூடிய எல்லை மற்றொன்று. நாம் வெப்பநாட்டுக்காரர்கள்; முதல் எண்ணை மட்டும் பாருங்கள். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் நுரைப்பாய். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதே அதிகம். சமையல் அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கோத்தா கினபாலுவில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இறங்கிய பின் ஓர் இரவு

சிகரத்திலிருந்து அன்றே இறங்கி, அன்றே நகரத்துக்கு விரைந்து, இரவு விமானம் பிடிக்கும் திட்டத்தைப் பலர் போடுகிறார்கள். ஒரே நாளில் 2,200 மீட்டர் இறங்கிய முழங்கால்கள் அதற்கு ஒத்துழைக்க மாட்டா. அந்த இரவுக்குப் போரிங் நல்ல இடம். தலைமையகத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், உயரம் குறைவு, கந்தக வாடை வீசும் வெந்நீர்த் தொட்டிகளில் காலை நீட்டி உட்காரலாம். பெயர் டூசுன் மொழியில் ஒருவகை மூங்கிலைக் குறிப்பது. ஆங்கிலக் காதுக்குச் சலிப்பாகவும் ஊர்த் தமிழ்க் காதுக்குக் குழாய்க்கிணறாகவும் கேட்டால் அது இடத்தின் குற்றமில்லை. வார இறுதிகளில் கூட்டம் நெரியும். முடிந்தால் வேலை நாளில் போகும்படி மொத்தப் பயணத்தையும் நகர்த்தி வையுங்கள்.

நாளும் நேரமும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்கள் நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறையோடு ஒத்துப்போவது நம் துரதிர்ஷ்டம். ஜூன் விடுமுறை பரவாயில்லை என்றாலும், மே 30, 31 ஆகிய நாள்களில் சாபாவில் காமாத்தான் அறுவடைத் திருநாள். விடுமுறையின் முதல் வாரத்தில் குண்டாசாங் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். என் தெரிவு மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறை. அப்போது மழை பொதுவாகக் குறைவு.

கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் சூரியன் வேறு. சாபா நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே முக்கால் மணி நேரம் முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே இருட்டிவிடும். சிங்கப்பூரில் மாலை ஏழு மணிவரை வெளிச்சம் இருந்து பழகிய நமக்கு, ஆறரை மணிக்கு மலைச்சாலையில் இருட்டுவது முதல் நாள் புரிவதில்லை. விமானம் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு தரையிறங்கினால், முதல் இரவை நகரத்திலேயே வைத்துக்கொண்டு மறுநாள் காலை மலைக்குப் புறப்படுங்கள். காலைப் பயணத்தில் வழியிலேயே மலையைப் பார்த்துவிடலாம். பிற்பகலில் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும்.

சைவ உணவுக்காரர்கள் பதிவின்போதே, குறிப்பாகப் பனலாபான் உணவுக்கு, எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். குண்டாசாங்கில் தேக்காவைப் போலச் சாப்பாட்டுக்கடை வரிசையை எதிர்பார்க்க முடியாது; சோறும் கீரையும் முட்டையும் எளிதில் கிடைக்கும், மற்றது அதிர்ஷ்டம். எங்கள் பையில் எப்போதும் புளிக்காய்ச்சல் ஒரு போத்தலும் சுக்குமல்லிப் பொடியும் இருக்கும். சந்தையில் வாங்கிய தக்காளியை வீட்டுத் தங்கலின் அடுப்பில் வதக்கினால் இரவுணவு முடிந்தது. சமையலறை உண்டா என்பதையும் அந்தக் கேள்விப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை உடனே அனுப்பிவிடாதீர்கள். ஓட்டுநரைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள், போர்வைகளை எண்ணுங்கள், மெத்தையை அழுத்தி ஈரம் பாருங்கள், கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கிறதா என்று சோதியுங்கள். செயலியில் அழைத்தவுடன் அங்கே இன்னொரு வண்டி வந்துவிடாது. எல்லாம் சரியாக இருந்தால் பெட்டிகளை இறக்கலாம். பலகணியில் மலை தெரிகிறதா என்பதை மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.